ரீப்ரீதர் பாகங்களைச் சேலம் லேத் பட்டறையில் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரமங்கலம் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறை நடத்துகிறேன். பம்பு ஷாஃப்ட், புஷ், நூற்பாலை ரோலர், இவைதான் அன்றாட வேலை. நானே கடலில் டைவிங் போகிறவன் என்பதால், ரீப்ரீதருக்குப் பாகம் கடைந்து தர முடியுமா என்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உயிர் சம்பந்தப்பட்ட வேலை, அதனால் சில பதில்கள் நீளம்.

ரீப்ரீதர் என்றால் என்ன?

சாதாரண ஸ்கூபாவில் சிலிண்டர் காற்றை இழுத்து, குமிழியாக வெளியே விட்டுவிடுகிறோம். உள்ளே போகும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். வெளியே வரும்போதும் 16, 17 சதவீதம் மிச்சம் இருக்கிறது. உடம்பு எடுத்துக்கொண்டது கொஞ்சம், தண்ணீரில் போனது நிறைய. ஆழம் கூடினால் செலவும் கூடும்: 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு.

ரீப்ரீதர் அந்த மூச்சை வெளியே விடுவதில்லை. விட்ட மூச்சு ஒரு குழாய் வழியாக சோடா லைம் என்ற சுண்ணாம்புக் குருணை நிரப்பிய குடுவைக்குள் போகிறது. இந்தக் குடுவைதான் ஸ்க்ரப்பர். அங்கே கரியமில வாயு உறிஞ்சப்படுகிறது. உடம்பு செலவழித்த அளவுக்கு ஆக்சிஜன் ஒரு சின்ன சிலிண்டரிலிருந்து சேர்க்கப்படுகிறது. அதே காற்று மறுபடி வாய்க்கு வருகிறது. இந்தச் சுற்றை லூப் என்பார்கள்.

சேலத்தில் கடலே இல்லை. இங்கே இது யாருக்கு வேண்டும்?

டைவிங் செய்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். வார விடுமுறையில் புதுச்சேரி, கொஞ்சம் லீவு கிடைத்தால் அந்தமான். கடல் இல்லாவிட்டாலும் இந்த ஊரில் கை இருக்கிறது. உருக்காலை ஊர் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றிப் பேசத் தெரிந்த ஆள் தெருவுக்கு ஒருவர் இருப்பார். ஆர்கான் வெல்டிங், கடைசல், சின்ன வெள்ளி ஒட்டு எல்லாம் கூப்பிடும் தூரத்தில் நடக்கும்.

பட்டறையில் ரீப்ரீதர் செய்தவர்கள் உண்டா?

உண்டு. இந்தக் கருவி பிறந்ததே அப்படித்தான். 1878இல் இங்கிலாந்தில் ஹென்றி ஃப்ளூஸ் என்ற கப்பல் அதிகாரி, காஸ்டிக் பொட்டாஷில் நனைத்த கயிற்று நாரைக் கொண்டு கரியமில வாயுவை உறிஞ்ச வைத்து முதல் பயன்படும் ரீப்ரீதரைச் செய்தார். 1880இல் செவர்ன் ஆற்றுக்கு அடியில் ரயில் சுரங்கம் தோண்டியபோது தண்ணீர் புகுந்துவிட்டது. அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பவர் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு இருட்டுச் சுரங்கத்துக்குள் போய் இரும்புக் கதவை மூடிவிட்டு வந்தார். அந்தக் கருவியில் சுவாசித்தது சுத்த ஆக்சிஜன். அதை 6 மீட்டருக்குக் கீழே சுவாசிக்கக் கூடாது என்ற இன்றைய விதி அன்றைய முக்குளிப்பவர்களிடம் இல்லை. அவர் பிழைத்து வந்தார் என்பதை வைத்து அந்த வழி பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் முழுக் கருவியையும் நானே செய்துகொள்ளலாமா?

கூடாது. கையில் திறமை இல்லை என்று சொல்லவில்லை. ரீப்ரீதர் தவறும் விதம் மற்ற கருவிகளிலிருந்து வேறுபட்டது.

நமக்கு மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, கரியமில வாயு சேர்வதால். ரீப்ரீதரில் கரியமில வாயுவை ஸ்க்ரப்பர் எடுத்துவிடுகிறது. அதனால் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே போனாலும் மூச்சு சுகமாகவே இருக்கும். லூப்பில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு, 0.16 பாருக்குக் கீழே இறங்கினால் ஆபத்து (1 பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்), 0.10 பக்கம் போனால் நினைவு போய்விடும். இடையில் எந்த எச்சரிக்கையும் வராது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நம் பக்கம் பழைய கிணற்றில் தூர் எடுக்க இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் விட்டுப் பார்ப்பார்களே, அதே காரணம்தான். காற்று கெட்டிருப்பதை மனிதனின் மூக்கும் நெஞ்சும் சொல்லாது, விளக்குதான் சொல்லும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பகுதி அழுத்தம் 1.6 பாரைத் தாண்டினால் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் மௌத்பீஸ் வாயிலிருந்து போய்விடும், அத்தோடு முடிந்தது. கரியமில வாயு கசிந்து திரும்பி வந்தால் தலைவலி, படபடப்பு, பயம். அந்த நிலையில் சரியான முடிவு எடுக்க மூளை ஒத்துழைக்காது.

அதனால் நான் வேலையை எடுக்கும் முன் ஒன்றைத்தான் பார்க்கிறேன். இந்தப் பாகம் கெட்டால் டைவருக்கு உடனே தெரியுமா? குமிழி வரும், தண்ணீர் புகும், பிடி கழன்று கையோடு வரும் என்றால் செய்து தருகிறேன். ஏனென்றால் அவர் அந்த நொடியே அவசரத்துக்கு வைத்திருக்கும் தனி சிலிண்டருக்கு மாறி மேலே வந்துவிடலாம். சத்தமில்லாமல் கெடும் பாகம் என்றால், தொழிற்சாலையில் செய்து சோதித்ததை வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

ஸ்க்ரப்பர் குடுவைக்கு போர்வெல் பி.வி.சி. பைப் ஆகுமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான், காரணமும் புரிகிறது. போர் போடாத ஊர் ஏது? கேசிங் பைப் எங்கே பார்த்தாலும் கிடைக்கும்.

வெளிச்சுவருக்கு ஆகும். ஆனால் பைப் வட்டமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். வெயிலில் அடுக்கி வைத்த பைப் ஒரு பக்கம் அமுங்கி நீள்வட்டமாகியிருக்கும். மூடி உட்காரும் இரண்டு முனைகளையும் லேத்தில் பிடித்து உள்ளே கடைந்து வட்டமாக்க வேண்டும். அதற்குத் தகுந்த சுவர்த் தடிமன் இருக்கும் பைப்பாகப் பார்த்து எடுங்கள். பசை வாடை போகும்வரை நாள்கணக்கில் காற்றாட வைக்க வேண்டும். குடுவைக்குள் மூக்கை வைத்தால் ஏதாவது வாடை வருகிறதா? வந்தால் அதைத்தான் மணிக்கணக்கில் சுவாசிக்கப் போகிறீர்கள். பழைய விவசாய பைப் வேண்டவே வேண்டாம். அதில் ஈயம் கலந்த காலம் உண்டு.

அளவுக்கு ஒரு கணக்கு: இரண்டரை கிலோ குருணைக்கு ஏறக்குறைய 3 லிட்டர் இடம் வேண்டும். உள் விட்டம் 150 மி.மீ. என்றால் உயரம் 17 செ.மீ. வரும். அதற்குக் கீழே தண்ணீர் தேங்க ஓர் இடம், மேலே ஸ்பிரிங் தட்டுக்கு ஓர் இடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலுமினியம் லேசாக இருக்கிறதே என்று சிலர் அதைக் கேட்பார்கள். சோடா லைம் காரம், ஈரமானது. அலுமினியத்தைக் காரம் அரிக்கும், அனோடைஸ் செய்த மேற்பூச்சையும் கரைக்கும். குருணை படும் இடத்தில் வெறும் அலுமினியம் வைக்கவே கூடாது. ஸ்டெயின்லெஸ் காரத்தைத் தாங்கும். ஆனால் உப்புத் தண்ணீரில் 304 ரகம் புள்ளி புள்ளியாக அரித்துப்போகும், 316 ரகம் எடுங்கள்.

இனி முக்கியமான பேச்சு. வெளிச்சுவர் கசிந்தால் தண்ணீர் புகும், குமிழி வரும், தெரிந்துவிடும். குடுவைக்கு உள்ளே இன்னொரு கசிவு இருக்கிறது. மூச்சு குருணை வழியாகப் போகாமல், குருணை நிற்கும் கூடையின் ஓரத்தில் இருக்கும் சந்து வழியாக நேரே மறுபக்கம் போய்விடுவது. வெளியே ஒரு குமிழிகூட வராது. அழுத்தச் சோதனையில் குடுவை ஜோராகத் தேறும். உள்ளே கரியமில வாயு சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் வெளிக்குடுவை செய்து தருவேன். குருணை நிற்கும் கூடையையும் அதன் உள் சீலையும் செய்து தரமாட்டேன். தொழிற்சாலைக் கூடைகளை ஐரோப்பியத் தரமான இ.என். 14143 போன்ற விதிப்படி இயந்திர நுரையீரலில் மாட்டி, 4 டிகிரி குளிர்ந்த தண்ணீரில், நிமிடத்துக்கு 1.6 லிட்டர் கரியமில வாயுவைச் செலுத்தி, எத்தனை நேரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த வசதி என் பட்டறையில் இல்லை, உங்களிடமும் இருக்காது.

டெல்ரின், நைலான், எது நல்லது?

மூடி, இணைப்பு, தலைப்பாகம் எல்லாவற்றுக்கும் டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக். நைலான் தண்ணீரைக் குடித்து உப்பும். காலையில் சுலபமாகத் திறந்த மூடி, நாலு டைவுக்குப் பிறகு இறுகி வராது.

டெல்ரினிலும் ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். பெரிய விட்ட ராடுகளின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நீளவாக்கில் ஓடியிருக்கும். ராடின் மையம் சுவராக வரும்படி மூடி கடைந்தால், அந்தத் துளை வழியாகவே காற்று மெல்லக் கசியும். மையத்தில் ஏதாவது ஓட்டை வருகிற வடிவமைப்பாக இருந்தால் பிரச்சினை அதோடு போய்விடும். இல்லையென்றால் தட்டையான பலகையிலிருந்து வெட்டிக் கடையுங்கள்.

உயர் அழுத்த ஆக்சிஜன் போகும் இடத்தில் டெல்ரின் கூடாது. தீப்பிடித்தால் அதன் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

ஓ-ரிங் பள்ளத்தின் அளவை எப்படி முடிவு செய்வது?

ஓ-ரிங்கை முதலில் வாங்குங்கள், பள்ளத்தைப் பிறகு கடையுங்கள். கடையில் 3 மி.மீ. என்று தருவது 2.9 ஆகவும் இருக்கும், 3.1 ஆகவும் இருக்கும். மைக்ரோமீட்டரை அழுத்தாமல் தொட்டு அளந்து கொண்டுவாருங்கள்.

அசையாத சீலுக்கு ரிங்கின் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நசுங்க வேண்டும். 3 மி.மீ. ரிங்குக்குப் பள்ளம் 2.4 ஆழம், 4 மி.மீ. அகலம் பக்கத்தில் வரும். அகலத்தைக் குறைத்தால் நசுங்கிய ரப்பருக்குப் போக இடமில்லாமல் மூடி ஏறாது. பள்ளத்தின் அடியில் டூல் விட்ட கோடு குறுக்கே ஓடினால் காற்று அதன் வழியே போகும். நல்ல கூர்மையான டூலால் கடைசி மேல்சீவலை மெல்லச் சீவி எடுக்க வேண்டும். மூடி நுழையும் வாயில் 15, 20 டிகிரி சரிவு கொடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை மூடும்போதும் ரிங் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்படும். பிசிறை விரலால் தடவிப் பார்த்து எடுங்கள். கண் விட்டதை விரல் பிடிக்கும்.

ஸ்க்ரப்பர் மூடிக்கு இரண்டு ரிங் போடுவேன். ஒன்றில் முடி சிக்கினாலும் மற்றது பிடிக்கும். குருணைத் தூள் ரிங் மேல் உட்காராமல் துடைத்து மூடுவது உங்கள் பொறுப்பு.

சங்ககிரியில் சுண்ணாம்புக்கல்லே கிடைக்கிறது. சோடா லைமை நாமே செய்துகொள்ள முடியாதா?

இந்தக் கேள்வியை ஒரு பெரியவர் கேட்டார். சுண்ணாம்புக் காளவாய் நடத்திய குடும்பம். நியாயமான கேள்விதான். சோடா லைமில் பெரும்பகுதி நீற்றின சுண்ணாம்பு. கூட 3 சதவீதம் போலக் காஸ்டிக் சோடா, அப்புறம் தண்ணீர். கரியமில வாயு முதலில் குருணையின் ஈரத்தில் கரைகிறது, காஸ்டிக் சோடாவோடு சேர்கிறது, அதைச் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிடுகிறது. காஸ்டிக் சோடா திரும்பவும் வேலைக்கு வந்துவிடும். சூடும் ஈரமும் வெளியே வரும். காளவாயில் கல்லைச் சுட்டு வெளியேற்றிய கரியமில வாயுவை, இங்கே மூச்சிலிருந்து திரும்ப ஊட்டுகிறோம்.

ரசாயனம் எளிது, குருணைதான் கஷ்டம். டைவிங்குக்கு விற்கும் சோஃப்னோலைம் 797 என்ற வகை 1 முதல் 2.5 மி.மீ. வரை ஒரே சீராக இருக்கும். உள்ளே நுண்துளைகளோடு, கையில் தேய்த்தால் உதிராத உறுதியோடு, 15 சதவீதம் பக்கம் ஈரத்தோடு இருக்க வேண்டும். காய்ந்தால் வேலை செய்யாது, தூளானால் மூச்சே போகாது. தூள் மௌத்பீஸ் வரை வந்தால் தொண்டை வெந்துவிடும். தண்ணீர் புகுந்து குருணையில் ஊறிக் காரக்குழம்பாக வாய்க்கு வருவது இந்தக் கருவியின் பழைய ஆபத்து. சீரான குருணையும் அளந்த ஈரமும் காளவாயில் வராது. இதுவும் சத்தமில்லாமல் கெடும் வகை. வாங்குங்கள்.

ஆஸ்பத்திரி மயக்க மருந்து மெஷினில் போடும் சோடா லைம் ஆகுமா? நிறம் மாறுமே?

அது பெரிய குருணை. ஆஸ்பத்திரிக் குடுவையில் காற்று மெல்லப் போகும், நோயாளி படுத்திருப்பார். நீந்துகிறவரின் மூச்சு வேகத்துக்கு, டைவிங் குடுவையின் அளவுக்கு, அது கணக்கிடப்பட்டது அல்ல. நிறத்தையும் நம்ப வேண்டாம். உபயோகித்த குருணையைச் சும்மா வைத்தால் நிறம் பழையபடி திரும்பிவிடும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே சரக்கு தீர்ந்திருக்கும். போட்ட நேரத்தைக் குடுவை மேல் எழுதி வையுங்கள்.

மூச்சுப் பை தைக்கத் தெரிந்தவர் இங்கே இருக்கிறாரா?

மூச்சுப் பை என்பது விட்ட மூச்சை வாங்கி, இழுக்கும்போது திருப்பித் தரும் பை. தைக்கும் வேலை அதன் வெளி உறைக்குத்தான். காற்று நிற்கும் உள் பை, பாலியூரித்தேன் பூசிய நைலான் துணியை மின்வெப்பத்தில் ஒட்டிச் செய்வது. ரெக்ஸின் பை தைப்பவர்கள் வெளி உறையை நன்றாகவே தைத்துத் தருவார்கள். காராபினர் கொக்கி மாட்டும் வளையம், எடைப் பை எல்லாம் அவர்கள் வேலை.

உள் பையையும் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கிழிந்தால் குமிழி வரும், தெரியும் என்பதால் நான் தடுக்கமாட்டேன். அது உட்காரும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நுரையீரலுக்கும் பைக்கும் நடுவே 10 செ.மீ. உயர வித்தியாசம் இருந்தாலே 10 மில்லிபார் பாரம் மூச்சின் மேல் ஏறும். முதுகில் மேலே இருந்தால் இழுப்பது கஷ்டம், நெஞ்சுக்குக் கீழே இருந்தால் விடுவது கஷ்டம். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் தோளைச் சுற்றி வைக்கிறார்கள்.

மௌத்பீஸை 3டி பிரிண்டரில் அடித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அடுக்கடுக்காக உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கில் அடுக்குகளுக்கு நடுவே சந்து இருக்கும். காற்றும் கசியும், எச்சிலும் கிருமியும் தங்கும். ரெசின் வகையில் சரியாக வேகாத ரெசின் வாயில் வைக்கும் பொருளே அல்ல.

அதற்கும் மேல் ஒரு காரணம். மௌத்பீஸின் இரண்டு பக்கமும் மெல்லிய சிலிகான் காளான் வால்வுகள் இருக்கும். காற்று ஒரே திசையில் போக அவைதான் காவல். ஒன்று மடங்கிக்கொண்டாலோ உட்காரும் விளிம்பு கோணினாலோ, விட்ட மூச்சே ஸ்க்ரப்பருக்குப் போகாமல் திரும்ப வரும். இதுவும் சத்தம் போடாது. வாங்கிய மௌத்பீஸ் என்றாலும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கக் குழாயை மடக்கிப் பிடித்து ஊதியும் இழுத்தும் பாருங்கள்.

பிரிண்டரை வேறு எதற்கு வேண்டுமானாலும் வையுங்கள். கேபிள் கிளிப், பெல்ட் தாங்கி, குருணை நிரப்பும் புனல், துளை போடும் ஜிக். அதில் எனக்கும் வேலை மிச்சம்.

ஆக்சிஜன் பக்கத்துப் பாகங்கள்?

சிலிண்டர், வால்வு, முதல் நிலை ரெகுலேட்டர், இவற்றைத் தொடவே கூடாது. இந்தியாவில் சிலிண்டர்கள் பெசோ என்ற மத்திய அரசு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அனுமதியோடு, 5 வருடத்துக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனையோடு ஓட வேண்டியவை. வெல்டிங் கடை கருப்பு சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்கு ஓஸ் போட்டு மாற்றித் தருவீர்களா என்று கேட்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

ரெகுலேட்டருக்குப் பிறகு 10 பார் பக்கத்தில் ஓடும் இணைப்புகளைச் சிலர் கேட்பார்கள். பித்தளையில் கடையலாம், சுத்தம்தான் பாதி வேலை. கேஸ் கட்டிங் செய்கிற பையனுக்கு முதல் நாள் சொல்லித் தருவது ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய் படக்கூடாது என்பது. லேத்தில் கடைந்த பாகமோ எண்ணெயிலேயே குளித்து வருகிறது. மரை இடுக்கில் ஒரு துளி தங்கினால் போதும். வால்வைச் சட்டென்று திறக்கும்போது வாயு நெரிபட்டுச் சூடாகும், அந்தத் துளி பற்றிக்கொள்ளும். அதனால் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அல்ட்ராசோனிக் தொட்டியில் விட்டு, நல்ல தண்ணீரில் அலசிப் பார்க்க வேண்டும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இருக்கிறது. பரப்பு முழுக்க ஒரே படலமாக நிற்க வேண்டும். அதன் பிறகு வெறும் கையால் தொடக் கூடாது. கிரீஸ் என்றால் ஆக்சிஜனுக்கு என்றே செய்தது மட்டும். திறப்பதற்குப் பால் வால்வு வேண்டாம், மெல்லத் திறக்கும் நீடில் வால்வு போடுங்கள்.

மெல்லிய குழாய் ஒட்டுக்கு சிவதாபுரம் பக்கம் கொலுசு வேலை செய்யும் ஆட்களிடம் போகலாமா என்று ஒருவர் கேட்டார். அவர்கள் கை நுணுக்கம் எனக்கு வராது, உண்மை. ஆனால் ஒட்டுப் பொடியில் காட்மியம் இருக்கக் கூடாது. கே.டி.எம். நகை என்று சொல்வார்களே, அந்தக் காட்மியம்தான். மூச்சுக் காற்று போகும் வழியில் அதற்கு இடமில்லை. ஒட்டிய பிறகு ஃபிளக்ஸ் மிச்சத்தைக் கொதிநீரில் போட்டு முழுக்கக் கரைத்து எடுங்கள்.

ஆக்சிஜனை நிமிடத்துக்கு இவ்வளவு என்று விடும் சின்னத் துளையை லேத்தில் போட முடியுமா?

ஓய்வாக நீந்தும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 1 லிட்டருக்கும் குறைவாகத்தான் ஆக்சிஜன் வேண்டும். பலர் 0.7 லிட்டர் பக்கம் நிரந்தரமாக விட்டு, மீதியைக் கையால் சேர்ப்பார்கள். 10 பார் அழுத்தத்தில் அதற்கு வேண்டிய துளை 0.1 மி.மீ. பக்கம் வரும். தலைமுடி அளவு. ஒரு தூசி அடைத்தால் ஓட்டம் நின்றுவிடும், நின்றது யாருக்கும் தெரியாது. மாணிக்கக் கல்லில் துளையிட்டு, ஓட்டம் அளந்து விற்கிறார்கள், முன்னால் வடிகட்டியோடு. அந்தத் துளைக்கட்டையை மாட்டும் உடலை வேண்டுமானால் கடைந்து தருகிறேன்.

ஆக்சிஜன் செல்லைச் சோதிக்கும் குடுவை செய்ய முடியுமா?

கட்டாயம் செய்யுங்கள். பட்டறைக்காரன் டைவருக்குச் செய்து தரக்கூடியதிலேயே உருப்படியான பொருள் இதுதான் என்பேன்.

லூப்பில் ஆக்சிஜனை அளக்கும் மூன்று செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஆக்சிஜனுக்குத் தகுந்தபடி மில்லிவோல்ட் காட்டும். காற்றில் 10 மில்லிவோல்ட் காட்டும் செல், 1 பார் சுத்த ஆக்சிஜனில் 47, 48 காட்ட வேண்டும், 1.6 பாரில் 76. செல் வயதானால் கீழே சரியாகக் காட்டிவிட்டு மேலே போகப் போக மட்டுப்படும். 1.1க்கு மேல் ஏற மறுக்கும். அப்போது கருவி என்ன செய்யும்? 1.3 பாரில் வைத்திருக்கும்படி அமைத்திருந்தால், இன்னும் 1.3 வரவில்லையே என்று ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். திரையில் 1.1, நிஜத்தில் 2. மூன்றும் ஒரே நாளில் வாங்கிய செல்கள் என்றால் மூன்றும் சேர்ந்தே பொய் சொல்லலாம். பெரும்பான்மை பார்த்து முடிவெடுக்கும் கருவி அப்போது ஏமாந்துவிடும்.

தரையில் திறந்த காற்றில் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கையடக்கக் குடுவை ஒன்று, மரை மூடி, துல்லியமான சின்ன கேஜ், 1 பாரில் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு, செல்லின் ஒயர் வெளியே வர அடைத்த துளை, இவ்வளவு போதும். உள்ளே ஆக்சிஜனை விட்டுக் காற்றை நன்றாகக் கழுவி வெளியேற்றிய பின், கேஜில் 0.6 பார் ஏற்றினால் உள்ளே 1.6 பார். 76க்குப் பக்கத்தில் வராமல் 60இல் நிற்கிறதா? செல்லைக் குப்பையில் போடுங்கள். ஆக்சிஜன் போகும் குடுவை என்பதால் மேலே சொன்ன சுத்தம் இதற்கும் உண்டு. செல் நன்றாக இருந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

எனக்கு வீடு ஏற்காட்டில். ஆக்சிஜன் செல்களை அங்கேயே கலிபரேட் செய்துகொண்டு (காட்டும் அளவைச் சரிப்படுத்திக்கொண்டு) கடலுக்குப் போகலாமா?

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் 0.84 பார் பக்கம்தான். சுத்த ஆக்சிஜனை நிரப்பினாலும் பகுதி அழுத்தம் 0.84க்கு மேல் போகாது. உங்கள் கருவிக்கு உயரம் தெரியாமல் 1 பார் என்று எடுத்துக்கொண்டால், அதற்குப் பிறகு காட்டும் எல்லாமே உள்ளதைவிட அதிகம். 1.3 என்று காட்டும்போது நிஜம் 1.1 பக்கம் இருக்கும், டிகம்ப்ரஷன் கணக்கு, அதாவது மேலே வரும் வழியில் எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்ற கணக்கு, தவறும். மாறாக, ஏற்காட்டு அழுத்தத்தைக் கருவியில் பதிந்து வைத்துவிட்டு, அதை மாற்றாமல் புதுச்சேரியில் கலிபரேட் செய்தால் இன்னும் மோசம். திரையில் 1.3, நிஜத்தில் 1.57. டைவ் செய்யும் இடத்திலேயே, அந்த இடத்து அழுத்தத்தில் கலிபரேட் செய்யுங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலில் டைவ் முடித்து அன்று இரவே இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு போகாதீர்கள். விமானத்தில் ஏறுவதற்கு முன் காத்திருப்பது போலவே காத்திருக்க வேண்டும். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம், டிகம்ப்ரஷன் டைவ் என்றால் அதற்கும் மேல். சேலத்திலேயே தங்கிவிட்டு மறுநாள் ஏறுங்கள்.

கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க இது உதவுமா?

உதவாது, முயற்சியும் செய்யாதீர்கள். கலங்கல் தண்ணீர், தொங்கும் கேபிள், கயிறு, தனி ஆள். அந்த இடத்தில் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கருவி பொருந்தாது. மேலிருந்து ஓஸ் வழியாக மூச்சுக் காற்று அனுப்பும் முறை, இடுப்பில் கயிறு, மேலே இரண்டு ஆள். அந்த கம்ப்ரஸரும் எண்ணெய் இல்லாததாக, என்ஜின் புகை உறிஞ்சாத இடத்தில் இருக்க வேண்டும். பட்டறைக் கம்ப்ரஸரை இழுத்துப் போய் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

கல்லூரி ப்ராஜெக்டுக்கு ரீப்ரீதர் செய்கிறோம் அண்ணா, உதவுவீர்களா?

சந்தோஷமாக. ஒரே ஒரு நிபந்தனை, மனிதர் யாரும் அதில் மூச்சு விடக் கூடாது. இயந்திர நுரையீரல் ஒன்று செய்யுங்கள். மோட்டாரும் கிராங்கும் வைத்து, ஒரு மூச்சுக்கு 2 லிட்டர், நிமிடத்துக்கு 20 மூச்சு என்று ஓடும் துருத்தி. அதில் அளந்த கரியமில வாயுவை விட்டு, மறுபக்கம் சென்சாரில் எப்போது கசிகிறது என்று வரைபடம் போடுங்கள். குருணையைத் தட்டி நிரப்பியபோதும், தளர்வாக நிரப்பியபோதும், கூடை ஓரத்தில் சின்ன சந்து விட்டபோதும் ஓட்டிப் பாருங்கள். மூன்று வரைபடமும் எவ்வளவு வேறாக வருகிறது என்று பார்த்தால், முழுக் கருவியை நான் ஏன் செய்து தருவதில்லை என்பது உங்களுக்கே விளங்கும். மேட்டூர் அணையில் டெமோ காட்டுகிறோம் என்று ஆரம்பிக்காதீர்கள். அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது.

உங்களிடம் செய்த பாகத்தை மாட்டியதும் எப்படிச் சோதிப்பது?

முதலில் தரையில். லூப்பை ஊதி இறுக்கி மூடி வைத்துப் பாருங்கள், பை தளரக் கூடாது. அப்புறம் காற்றை உறிஞ்சிச் சுருக்கி வைத்துப் பாருங்கள், பை உப்பக் கூடாது. இரண்டும் வேண்டும். உள்ளிருந்து தள்ளும்போது உட்காரும் ஓ-ரிங், வெளியிலிருந்து தள்ளும்போது விலகலாம். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடுங்கள்.

டைவுக்கு முன் 5 நிமிடம் மேலே உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி மூச்சு விடச் சொல்வார்கள். ஆக்சிஜன் சரியாகச் சேர்கிறதா என்று பார்க்க அது நல்லது. கரியமில வாயுக் கசிவை அது பிடித்துவிடும் என்று நம்ப வேண்டாம், பலருக்கு அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. நீச்சல் குளமானாலும் பக்கத்தில் ஓர் ஆள், தோளில் சாதாரண ரெகுலேட்டரோடு தனி சிலிண்டர். இடுப்பளவு தண்ணீரிலும் ஆக்சிஜன் குறைந்தால் நினைவு போகும்.

டி.டி.ஐ., ஐ.ஏ.என்.டி.டி. போன்ற அமைப்புகளின் ரீப்ரீதர் பயிற்சி ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி. ஒன்றில் தேறிவிட்டு இன்னொன்றை மாட்டக் கூடாது. தயாரிப்பாளரின் கருவியில் நான் செய்த பாகத்தை மாட்டினால் அதைப் பயிற்சியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் கழற்றிவிடுங்கள்.

வேலை கொடுக்க என்ன கொண்டுவர வேண்டும்?

அளவு போட்ட வரைபடம், கையால் வரைந்தாலும் சரி. நீங்கள் போடப்போகும் ஓ-ரிங், இரண்டு சேர்த்தே வாங்கி வாருங்கள். ஏற்கெனவே இருக்கும் பாகத்தோடு சேர வேண்டும் என்றால் அந்தப் பாகமே வேண்டும், போட்டோ போதாது. பாகம் எந்த இடத்தில் உட்காரும், அதற்கு இரண்டு பக்கமும் என்ன வாயு, எவ்வளவு அழுத்தம் என்று எழுதித் தாருங்கள். தாங்கி, மூடி, வெளிக்குடுவை, செல் சோதனைக் குடுவை, எடைப் பெட்டி, விளக்கு உறை எல்லாம் எடுத்துக்கொள்வேன். ஆக்சிஜன் பாகம் என்றால் தனி டூல், தனி தொட்டி வேண்டியிருப்பதால் மற்ற வேலை இல்லாத நாளில்தான் செய்வேன், கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.